ஓகர் எளிதாகச் செத்தது, கோப்ளின்கள் குழுவை முடிக்கப் பார்த்தன: சண்டையின் கனத்தைக் கணக்கிடுவது எப்படி?

கேள்வி சுருக்கமாக இது. டர்பனில் சாட்ஸ்வொர்த் பக்கம் சனிக்கிழமை மதியங்களில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டிக் கதை ஆடும் விளையாட்டின் ஐந்தாம் பதிப்பை ஆடும் குழு. மூன்றாம் லெவலில் நான்கு பேர்: ஃபைட்டர் (போர்வீரர்), கிளெரிக் (பூசாரி), ரோக் (திருடர்), விஸார்டு (மந்திரவாதி). கதையையும் எதிரிகளையும் நடத்தும் டிஎம், ஓகர் என்ற ராட்சதப் பிராணி ஒன்றை இறக்கினார்; இரண்டாவது ரவுண்டு (எல்லோருக்கும் ஒரு டர்ன், அதாவது ஒரு முறை, வரும் சுற்று) முடிவதற்குள் அது செத்தது. அடுத்த வாரம் எட்டு கோப்ளின்கள். விஸார்டு முதல் ரவுண்டிலேயே விழுந்தார், ரோக் மூன்றாவதில், மற்ற இருவரும் ஓடித் தப்பினார்கள். ஓகரின் சிஆர் (பலத்தைக் குறிக்கும் சேலஞ்ச் ரேட்டிங்) 2, கோப்ளினுடையது வெறும் கால். பெரியது சுலபமாகப் போய், பொடிசுகள் குழுவையே அழிக்கப் பார்த்தது ஏன், இனி எப்படிக் கணக்குப் போடுவது என்று கேட்கிறீர்கள்.

சிஆர் என்பது ஒரு பிராணி தனியாக எவ்வளவு தாங்கும், எவ்வளவு அடிக்கும் என்பதற்கான எண். அதற்கு எத்தனை டர்ன் கிடைக்கும் என்று அது சொல்வதில்லை. சண்டையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அந்த இரண்டாவது விஷயம்தான். எந்தப் பக்கம் அதிக முறை பகடை உருட்டுகிறதோ அந்தப் பக்கம் ஜெயிக்கிறது. அட்டவணையைத் திறப்பதற்கு முன் டர்ன்களை எண்ணுங்கள்.

உங்கள் இரண்டு சண்டைகளையும் ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகள் தரும் எண்களை வைத்தே பிரித்துப் பார்க்கலாம். ஓகருக்கு 59 ஹிட் பாயிண்ட் (உயிர்ப்புள்ளி), ஏசி (அடி படாமல் காக்கும் கவச எண்) 11. உங்கள் ஆட்களுக்குத் தாக்குதல் போனஸ் +5 என்றால் இருபதுமுகப் பகடையில் 6 விழுந்தாலே அடி படும், அதாவது 75 சதவீதம். ஸ்பெல் ஸ்லாட் (ஓய்வெடுக்கும்வரை எண்ணிச் செலவிடும் மந்திர வாய்ப்பு) எதையும் தொடாமல், வாளும் கேன்ட்ரிப்பும் (ஸ்லாட் செலவில்லாத சின்ன மந்திரம்) மட்டும் வைத்தே நால்வரும் சேர்ந்து ஒரு ரவுண்டுக்குச் சராசரியாக 24 அடி கொடுப்பார்கள். கிளெரிக் கைடிங் போல்ட் ஸ்பெல்லையும் விஸார்டு மேஜிக் மிஸைல் ஸ்பெல்லையும் விட்டால் அது 38ஐ நெருங்கும். 59ஐ 38ஆல் வகுத்தால் இரண்டு ரவுண்டுகூட இல்லை. அந்த நேரத்தில் ஓகருக்குக் கிடைப்பது ஒரு வீச்சு, மிஞ்சினால் இரண்டு. ஏசி 18 உள்ள ஃபைட்டர் மேல் அதன் வீச்சு 45 சதவீதம்தான் படும், பட்டால் 13. ஆக, மொத்தச் சண்டையிலும் அது கொடுத்த அடி 6இலிருந்து 12க்குள் நின்றிருக்கும்.

இன்னொரு பலவீனமும் ஓகருக்கு உண்டு. அதன் விஸ்டம் (மனவலிமை) 7, ஸேவிங் த்ரோவில் (ஸ்பெல்லிலிருந்து தப்பப் போடும் பகடை) -2. ஹிடியஸ் லாஃப்டர் என்ற முதல் நிலை ஸ்பெல்லை டிசி (தப்ப எட்ட வேண்டிய எண்) 13இல் விட்டால் பத்தில் ஏழு முறை அது தரையில் உருண்டு சிரித்துக்கொண்டிருக்கும். எதிரிப் பக்கத்தின் டர்ன் முழுவதும் ஒரே உடலில் இருந்தால், ஒரு ஸ்லாட்டில் எல்லாம் போய்விடும். தனி பாஸ் (ஒரே பெரிய எதிரி) சண்டைகள் சப்பென்று முடிவதற்கு இதுதான் முதல் காரணம்.

இப்போது கோப்ளின்கள். எட்டுக்கும் சேர்த்து 56 ஹிட் பாயிண்ட், கிட்டத்தட்ட ஒரு ஓகர் அளவே. ஆனால் முதல் ரவுண்டில் எட்டு அம்பு. மேஜ் ஆர்மர் என்ற காப்பு ஸ்பெல் போடாத விஸார்டுக்கு ஏசி 12 என்று வையுங்கள்: +4 போனஸில் 65 சதவீதம் படும், ஒவ்வொன்றும் 5. எல்லாம் அவர் மேலேயே போனால் 26 அடி. மூன்றாம் லெவலில் கான்ஸ்டிட்யூஷன் 14 உள்ள விஸார்டுக்கு இருப்பது 20. அவர் பேசுவதற்குள் விழுந்ததில் ஆச்சரியமே இல்லை. மேஜ் ஆர்மர் இருந்திருந்தால் ஏசி 15, அடி 20, அப்போதும் விளிம்புதான். ஷீல்டு ஸ்பெல்லையும் சேர்த்தால் ஏசி 20, அடி 10 ஆகக் குறைந்திருக்கும். கோப்ளினுக்கு போனஸ் ஆக்ஷனில் (அதே டர்னில் கூடுதலாகச் செய்யும் சின்னச் செயல்) ஒளிந்துகொள்ளும் திறமை வேறு இருக்கிறது. ஒளிந்து எய்தால் அட்வான்டேஜ், அதாவது இரண்டு பகடையில் பெரியது. ஏசி 15 என்பதால் உங்கள் நால்வரும் ரவுண்டுக்கு இரண்டைத்தான் சாய்த்திருப்பார்கள். எட்டு, ஆறு, நான்கு, இரண்டு என்று கூட்டினால் எதிரிப் பக்கம் 20 தாக்குதல். ஓகருக்குக் கிடைத்தது இரண்டு.

2014 விதிகளின் அட்டவணை இதைப் பிடிக்க ஒரு பெருக்கல் வைத்திருக்கிறது. பிராணி ஒன்று என்றால் எக்ஸ்பி (வென்றால் கிடைக்கும் அனுபவப் புள்ளி) அப்படியே. இரண்டு என்றால் ஒன்றரை மடங்கு. 3 முதல் 6 வரை இரண்டு மடங்கு. 7 முதல் 10 வரை இரண்டரை. 11 முதல் 14 வரை மூன்று. அதற்கு மேல் நான்கு. மூன்றாம் லெவலில் தலைக்கு ஈஸி 75, மீடியம் 150, ஹார்டு 225, டெட்லி 400. நால்வருக்கு 300, 600, 900, 1600. ஓகர் 450 எக்ஸ்பி, அதாவது ஈஸி. எட்டு கோப்ளின் 400, இரண்டரையால் பெருக்கினால் 1000, அதாவது ஹார்டு. நீங்கள் பெருக்கலை விட்டுவிட்டு 450ஐயும் 400ஐயும் நேராக ஒப்பிட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். குழப்பத்துக்கு நியாயமும் உண்டு: ஐந்தாம் பதிப்பைத் திருத்திய 2024 விதிகள் பெருக்கலையே எடுத்துவிட்டன. அதில் மூன்றாம் லெவலுக்குத் தலைக்கு லோ 150, மாடரேட் 225, ஹை 400. அந்தக் கணக்கில் எட்டு கோப்ளினின் 400 என்பது நால்வரின் லோ அளவான 600ஐக்கூட எட்டாது. புதிய பட்ஜெட்டை எடுத்துக்கொண்டு பழைய பிராணிகளைக் கூட்டமாக இறக்கினால் இந்த மாதிரி விபத்து நடந்தே தீரும். எந்த ஆண்டின் பிராணியோ அந்த ஆண்டின் பட்ஜெட், கலக்காதீர்கள்.

அட்டவணை எதுவானாலும் அதன்மேல் மூன்று சோதனைகளைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

முதலாவது, முதல் ரவுண்டில் எதிரிப் பக்கம் எத்தனை தாக்குதல்? பிராணிகளை எண்ண வேண்டாம், தாக்குதல்களை எண்ணுங்கள். ஒரு ட்ரோலே மூன்று முறை அடிக்கும். குழுவின் தலை எண்ணிக்கையும் அதன் ஒன்றரை மடங்கும் நல்ல எல்லைகள்: நால்வருக்கு நான்கு முதல் ஆறு. இரண்டுக்குக் கீழே போனால் சண்டை சப்பென்றிருக்கும். எட்டைத் தொட்டால் யாரோ ஒருவர் முதல் ரவுண்டிலேயே படுப்பார்.

இரண்டாவது, இருப்பதிலேயே மெலிந்தவர் மேல் இருப்பதிலேயே பெரிய அடி விழுந்தால் என்ன ஆகும்? முதல் இரண்டு லெவல்களில் இதைப் பார்க்காமல் சண்டை வைக்கவே கூடாது. முதல் லெவல் விஸார்டுக்கு 8 ஹிட் பாயிண்ட். சிஆர் 1 உள்ள பக்பேர் மறைந்திருந்து பாய்ந்தால் சாதாரண அடியோடு 2டி6 (ஆறுமுகப் பகடை இரண்டின் கூட்டு) கூடும், சராசரி 18. எட்டு போய் மீதி 10. மீதி அடி முழு ஹிட் பாயிண்ட்டைத் தொட்டால் டெத் ஸேவ் (சாகாமல் தப்பப் போடும் பகடை) கிடையாது, நேரடிச் சாவு. விதிப்படி அந்தப் பக்பேர் நால்வருக்கு மீடியம் சண்டைதான். ஆனால் விதி பார்ப்பது சராசரியை. பாத்திரம் சாவது ஒரே ஒரு அடியில்.

மூன்றாவது, இந்தப் பிராணி ஹிட் பாயிண்ட்டைத் தாண்டி வேறு எதையாவது பறிக்கிறதா? ஷேடோ என்ற நிழல் பிராணியின் சிஆர் அரைதான், ஆனால் ஒவ்வொரு அடியும் ஸ்ட்ரெங்த்தில் 1டி4 குறைக்கும். ஸ்ட்ரெங்த் 8 உள்ள விஸார்டு, ஹிட் பாயிண்ட் மிச்சமிருந்தாலும், சராசரியாக மூன்று நான்கு அடியில் ஸ்ட்ரெங்த் பூஜ்யமாகிச் செத்துப்போவார். கூல் என்ற பிணந்தின்னிப் பிராணியின் நகம் பட்டு டிசி 10 ஸேவ் தவறினால் பேரலைஸ் (அசைய முடியாமை). அதன்பின் பக்கத்தில் நின்று அடிக்கும் ஒவ்வொரு அடியும் கிரிட்டிக்கல் (அடிப் பகடை இரட்டிப்பு). குழுவில் ஒருவர் டர்னை இழப்பது, எதிரிப் பக்கம் ஒரு ஆள் கூடியதற்குச் சமம். இவற்றை சிஆர் முழுதாகக் காட்டாது. இப்படிப்பட்ட பிராணியை முதல் தடவை ஒன்றோ இரண்டோ மட்டும் இறக்குங்கள். குழு அதைத் தெரிந்துகொண்ட பிறகு கூட்டுங்கள்.

இனி நடைமுறை. உங்கள் கதைக்களம் 1860களின் நேட்டால் கடற்கரையை ஒத்த கற்பனை நாடு, கரும்புத் தோட்டமும் ஆலையும் உண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கேயே ஒரு சண்டையை அமைத்துப் பார்க்கலாம். இரவு, அறுவடைக்குத் தயாரான கரும்புக்காடு, நடுவில் பழைய கொட்டகை. அதில் மூன்று தொழிலாளிகளை அடைத்து வைத்திருக்கிறார்கள். காவலுக்கு ஓர் ஓகர், நான்கு கோப்ளின்.

எக்ஸ்பி 450ம் 200ம் சேர்ந்து 650. ஐந்து பிராணி என்பதால் இரண்டு மடங்கு, 1300. ஹார்டுக்கும் டெட்லிக்கும் நடுவில் வருகிறது. முதல் ரவுண்டில் ஐந்து தாக்குதல், எல்லைக்குள்தான். ஓகரிடமிருந்து சுமார் 6 அல்லது 7, கோப்ளின்களிடமிருந்து சுமார் 10, மொத்தம் 17. குழுவின் மொத்த உயிர் 96 என்று வையுங்கள்: ஃபைட்டர் 28, கிளெரிக் 24, ரோக் 24, விஸார்டு 20. கோப்ளின்களை முதலில் தீர்த்தால் அடி 17, 11, 7, 7 என்று இறங்கி மொத்தம் 40 சொச்சம். பாதிக்குச் சற்றுக் குறைவு. வியர்க்கும், ஆனால் யாரும் சாக வேண்டியதில்லை. நால்வரும் ஓகர் மேலேயே பாய்ந்தால் கோப்ளின்கள் எல்லா ரவுண்டும் எய்துகொண்டிருக்கும், மொத்தம் 60ஐத் தொடும், ஒருவராவது விழுவார். ஆட்டக்காரர்களின் முடிவு இவ்வளவு வித்தியாசத்தை உண்டாக்கும் சண்டைதான் நல்ல சண்டை. ஒரே ஒரு பிராணியை வைத்து இதைக் கொண்டுவருவது மிகக் கடினம்.

இடம் இன்னும் நிறையச் செய்யும். கரும்பு வரிசையை ஒட்டி நடப்பது சாதாரண வேகம். வரிசையைக் குறுக்கே கிழித்துப் போவது டிஃபிகல்ட் டெரெய்ன், ஒரு அடிக்கு இரண்டடி செலவு. காட்டுக்குள் நிற்பவரை வெளியிலிருந்து பார்க்க முடியாது, அவர் மேல் எய்தால் டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு பகடையில் சிறியது). இது ஒளிந்து ஒளிந்து அடிக்கும் கோப்ளின்களுக்குப் பெரிய வரம். காட்டுக்குள்ளேயே நான்கையும் வைத்தால் மனதில் ஒரு படி கூட்டிக்கொள்ளுங்கள். அது வேண்டாம் என்றால் கொட்டகையைச் சுற்றி முப்பது அடிக்குக் கரும்பை வெட்டிய வெற்றிடம் விடுங்கள், இரு பக்கமும் சமமாகும்.

தீயையும் மறந்துவிட வேண்டாம். அறுவடைக்கு முன் கரும்பைக் கொளுத்துவதையும், கரித்தூள் காற்றில் பறந்து துணிக்கொடியில் படிவதையும் இந்தக் கரையில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். உங்கள் ஆட்டக்காரர்களும் கட்டாயம் நெருப்பு வைப்பார்கள். ஃபயர் போல்ட், யாரும் கையில் வைத்திராத, எரியக்கூடிய பொருளைப் பற்றவைக்கும் என்று விதியே சொல்கிறது. அதற்கு முன்கூட்டியே எண் வைத்திருங்கள்: காற்றடிக்கும் திசையில் ரவுண்டுக்குப் பத்தடி பரவும், தீக்குள் டர்ன் தொடங்குபவருக்கு 1டி10 அடி. காற்று எந்தப் பக்கம் என்பதைச் சண்டை தொடங்குமுன் சொல்லிவிடுங்கள். தீ கொட்டகையை அடைய ஐந்து ரவுண்டு என்றால், எல்லோரையும் கொல்வதா, மூவரை மீட்பதா என்ற கேள்வி தானாக வருகிறது. கொல்வதைத் தவிர வேறொரு குறிக்கோள் இருந்துவிட்டால் கணக்கில் நேரும் சின்னத் தவறுகள் பெரிதாகத் தெரியாது. தோற்றாலும் கதை நிற்காது.

எதிரிகள் கடைசி ஆள்வரை நின்று சாகவும் தேவையில்லை. ஓகர் விழுந்தாலோ பாதிப்பேர் செத்தாலோ கோப்ளின்களுக்கு டிசி 10 விஸ்டம் ஸேவ் போடுங்கள், தவறினால் ஓட்டம். சண்டையின் கடைசி இரண்டு ரவுண்டு இழுவையும் இதனால் மிச்சமாகும்.

ஒரு நாளில் எத்தனை சண்டை என்பது இன்னொரு பெரிய ஓட்டை. 2014 விதிகள் ஒரு லாங் ரெஸ்ட்டுக்குள் (ஸ்லாட்டும் உயிரும் திரும்பும் நீண்ட ஓய்வு) ஆறு முதல் எட்டு மீடியம் அல்லது ஹார்டு சண்டைகளை மனதில் வைத்துத்தான் எண்களைப் போட்டிருக்கின்றன. நால்வர் ஆடும் சண்டை ஒன்றுக்கு முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் பிடிக்கும். மூன்று மணி நேர அமர்வில், நடுவில் மின்வெட்டு வேறு வந்தால், இரண்டைத் தாண்ட முடியாது. அமர்வு முடிந்ததும் “எல்லோரும் தூங்கி எழுந்தாச்சு” என்று டிஎம் சொல்லிவிட்டால், அடுத்த வாரம் விஸார்டும் கிளெரிக்கும் எல்லா ஸ்லாட்டையும் ஒரே சண்டையில் கொட்டுவார்கள். ஸ்லாட்டே இல்லாத ஃபைட்டரும் ரோக்கும் ஓரத்தில் நிற்பார்கள். பிராணியின் பலத்தைக் கூட்டி இதைச் சரிசெய்யப் பார்ப்பது தவறு, மெலிந்தவர்தான் சாவார். அமர்வு முடிவதும் லாங் ரெஸ்ட்டும் ஒன்றல்ல என்று முதல் நாளே பேசிவிடுங்கள். ஹிட் பாயிண்ட்டையும் மீதி ஸ்லாட்டையும் தாளில் எழுதி அடுத்த வாரத்துக்கு எடுத்துப் போகட்டும். இரண்டு மூன்று ஹார்டு சண்டை, நடுவில் ஒரு ஷார்ட் ரெஸ்ட் (சிறு ஓய்வு), அதன்பின் லாங் ரெஸ்ட் என்பது சனிக்கிழமைக் குழுவுக்குப் பொருந்தும் அளவு. பயணக் கதை என்றால் ஷார்ட் ரெஸ்ட்டுக்கு எட்டு மணி நேரம், லாங் ரெஸ்ட்டுக்கு ஏழு நாள் என்ற மாற்று விதியும் இருக்கிறது.

ஆள் கூடிக் குறைவதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள்: தைப்பூச விரத வாரத்தில் இரண்டு பேர் வருவதில்லை, இன்னொரு வாரம் டர்பனின் ஃபீனிக்ஸிலிருந்து மாமா மகன் வந்து சேர்கிறார். ஆள் குறைந்தால் பிராணியின் ஹிட் பாயிண்ட்டைக் குறைப்பதைவிடத் தாக்குதலைக் குறையுங்கள். ஒருவர் வராவிட்டால் ஒரு கோப்ளினை அப்படியே எடுத்துவிடலாம். இரண்டு பேர் மட்டும் என்றால் 2014 அட்டவணையில் பெருக்கல் ஒரு படி ஏறும், ஆறு பேரோ அதற்கு மேலோ என்றால் ஒரு படி இறங்கும். இருவர் ஆட்டத்தில் ஒருவர் விழுந்தாலே குழு பாதி. அன்றைக்கு மீடியத்தைத் தாண்ட வேண்டாம்.

சண்டை நடக்கும்போதே தவறு தெரிந்தால் என்ன செய்வது? பல டிஎம்கள் பிராணியின் ஹிட் பாயிண்ட்டை ரகசியமாகக் கூட்டிக் குறைப்பார்கள். அதை நான் ஏற்கமாட்டேன். தங்கள் முடிவுக்கு மதிப்பில்லை என்று ஆட்டக்காரர்களுக்கு ஒருநாள் தெரியும், அதன்பின் எந்த வெற்றியும் இனிக்காது. முன்னதாகச் செய்ய இடமிருக்கிறது. ஓகரின் 59 என்பது 7டி10+21இன் சராசரி. 28 முதல் 91 வரை எந்த எண்ணையும், இனிஷியேட்டிவ் (யார் முதலில் என்ற பகடை) போடுமுன், தேர்ந்துகொள்வது விதிக்கு உட்பட்டதே. நடுவில் மாற்ற வேண்டுமானால் இரண்டாம் அலையைக் கையில் வைத்திருங்கள்: ஆலைப் பக்கமிருந்து இரண்டு கோப்ளின் மூன்றாவது ரவுண்டில் வரலாம், வராமலும் போகலாம். எதிர்ப்பக்கமாக, குழு நொறுங்கினால் எதிரி சிறைபிடிக்கலாம். விழுந்தவரை மேலும் குத்தும் பிராணி எது, இழுத்துப்போகும் பிராணி எது என்பதையும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

பாஸ் ஒன்று வேண்டும் என்றால் பட்ஜெட்டில் பாதியை அதற்கும், மீதியை இரண்டு முதல் நான்கு துணையாட்களுக்கும் ஒதுக்குங்கள். பெரிய டிராகன்களுக்கு ரவுண்டுக்கு மூன்று லெஜண்டரி ஆக்ஷனும் (மற்றவர் டர்னின் முடிவில் செய்யும் கூடுதல் செயல்), ஒரு நாளைக்கு மூன்று லெஜண்டரி ரெசிஸ்டன்ஸும் (தவறிய ஸேவை ஜெயித்ததாக்கும் திறமை) கொடுத்திருப்பது இந்த டர்ன் பற்றாக்குறையை ஈடுகட்டத்தான். சின்ன லெவலில் அதையே எளிதாகச் செய்யலாம்: பாஸுக்கு இரண்டு இனிஷியேட்டிவ் எண், ஒவ்வொன்றிலும் ஒரு தாக்குதல். எக்ஸ்பியை இரண்டு பிராணியாகக் கணக்கிடுங்கள்.

பாத்ஃபைண்டர் என்ற, இதேபோன்ற இன்னொரு விளையாட்டின் இரண்டாம் பதிப்புக்கு மாறுவதாக இருந்தால் இந்தப் பழக்கங்களில் பாதியை விட்டுவிட வேண்டும். அங்கே நால்வருக்கு எக்ஸ்பி பட்ஜெட் மாடரேட் 80, சிவியர் 120, எக்ஸ்ட்ரீம் 160. குழுவைவிட இரண்டு லெவல் உயர்ந்த ஒரே பிராணி 80. ஏசியைப் பத்துப் புள்ளி தாண்டினாலே கிரிட்டிக்கல் என்பதால், அங்கே தனி பாஸ் நிஜமாகவே பயங்கரம்.

ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் நான்கு எண்களை எழுதி வையுங்கள்: எத்தனை ரவுண்டு, குழு வாங்கிய மொத்த அடி, செலவான ஸ்லாட், பூஜ்யத்துக்குப் போனவர்கள். நான்கைந்து சண்டைக்குள் உங்கள் குழு ரவுண்டுக்கு உண்மையில் எவ்வளவு அடிக்கிறது என்பது தெரிந்துவிடும். மேலே நான் வைத்த 24, 38 போன்ற எண்களை அழித்துவிட்டு அதைப் பயன்படுத்துங்கள். ஐந்தாம் லெவல் வந்ததும் மறுபடி முதலிலிருந்து அளக்க வேண்டும். ஃபைட்டருக்கு இரண்டு தாக்குதல், விஸார்டுக்கு ஃபயர்பால்: 8டி6, சராசரி 28, ஸேவ் ஜெயித்தாலும் 14. ஏழு ஹிட் பாயிண்ட் உள்ள கோப்ளின் எட்டும் இருபதடி ஆரமுள்ள வட்டத்துக்குள் நின்றால் ஒரே டர்னில் போய்விடும். அட்டவணையிலும் தலைக்கு ஹார்டு நான்காம் லெவலின் 375இலிருந்து 750 ஆகிறது. அங்கிருந்து கோப்ளின்களை ஒரே கூட்டமாக வைக்காதீர்கள். இரண்டிரண்டாக, நாற்பதடிக்கு மேல் தள்ளித் தள்ளி நிறுத்துங்கள்.